ஊசிக்காகச் சாப்பிடுவதை நிறுத்திய பிறகு

கணையம் இன்சுலினைச் சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோயோடு பள்ளிப் பருவத்திலிருந்து வாழ்ந்துவரும் என்னிடம், "சுகர் இருந்தால் உடம்பு இளைக்கத்தானே செய்யும், உனக்கு மட்டும் ஏன் ஏறுகிறது?" என்று கேட்காத உறவினர் குறைவு. கொஞ்சம் கிண்டலோடுதான் கேட்கிறார்கள் என்றாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இன்சுலின் இல்லாத காலத்தில் இந்த நோய்க்கு எலும்பும் தோலுமான உடம்புதான் அடையாளம். 1919-இல் நோய் கண்டறியப்பட்ட எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சிறுமி, அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியமான பட்டினி உணவில் மூன்று ஆண்டுகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 1922 ஆகஸ்டில் டொரண்டோவில், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டாக்டர் பேண்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது, பதினைந்து வயதை எட்டவிருந்த நிலையில் ஏறத்தாழ 20 கிலோ எடைதான் இருந்தார். இன்சுலின் போடத் தொடங்கிய சில வாரங்களிலேயே அவருக்கு உடம்பு தேறத் தொடங்கியது. 1981 வரை வாழ்ந்தார். அந்தச் சிறுமியைக் காப்பாற்றிய அதே வேலையைத்தான் என் வயிற்றிலும் தொடையிலும் ஏறும் இன்சுலின் செய்கிறது. தேறிய பிறகும் அது அதே வேலையைச் செய்துகொண்டிருப்பதுதான் என் போன்றவர்களின் சிக்கல்.

இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடியாமல் மிகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரு கிராம் குளுக்கோஸ் ஏறத்தாழ 4 கலோரி என்று கொண்டால், கட்டுப்பாடில்லாத ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வெளியேறும்போது 400 கலோரி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு, உடம்பில் ஒட்டாமலே போய்விடுகிறது. இன்சுலின் அளவு சரியாக அமைந்த நாளிலிருந்து அந்த ஓட்டை அடைபடுகிறது. சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூடாமல், எடை மட்டும் கூடுவதற்கு இதுவே போதும். இது தவிர, இன்சுலின் சேமிப்புக்கான ஹார்மோன். அது இரத்தத்தில் மிகுந்திருக்கும்வரை கொழுப்பு கரைவது தடைபடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் நடந்த டி.சி.சி.டி. ஆய்வை டைப் 1 உலகில் அறியாதவர் இல்லை. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்பதை ஐயமற நிறுவிய ஆய்வு அது. அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இரண்டு முடிவுகளும் உண்டு. இறுக்கமான சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டு முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக 4.6 கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தார்கள். பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு நேர்ந்தது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள். டைப் 1 உள்ள ஒருவர் எடை குறைக்க விரும்பினால், சோற்றைக் குறைப்பதற்கு முன் குறைக்க வேண்டியது 'லோ' ஆவதை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதைத்தான் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் பொறுத்து, மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்பது பாடம். 15 கிராம் என்பது வெறும் 60 கலோரி. இரவு இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழுந்தவர் எவரும் அந்தப் பாடத்தோடு நிற்பதில்லை. மூளைக்குச் சர்க்கரை போதாதபோது எழும் பசி சாதாரணப் பசியன்று. அது அச்சத்தோடு சேர்ந்த பசி. குளுக்கோஸ் தண்ணீருக்குப் பிறகு நான்கு பிஸ்கட், ஒரு வாழைப்பழம், சீனி போட்ட பால் என்று போனால் 300 கலோரியை எளிதாகத் தாண்டிவிடும். காலையில் சர்க்கரை 280 என்று நிற்கும். அதை இறக்கக் கூடுதல் இன்சுலின் போட வேண்டும். அந்தக் கூடுதல் இன்சுலின் மதியம் மறுபடி கீழே தள்ளும். வாரத்தில் நான்கைந்து முறை இப்படி நடந்தால், வேளாவேளைக்கு எவ்வளவு அளந்து சாப்பிட்டாலும் எடை இறங்காது. இதற்கு மேல், 'லோ ஆகிவிடுமோ' என்ற பயத்தில் வெளியே கிளம்புமுன் சாப்பிடுவது, தூங்குமுன் சாப்பிடுவது, வண்டி ஓட்டுமுன் சாப்பிடுவது என்று முன்னெச்சரிக்கையாக உள்ளே போகும் உணவுக்குக் கணக்கே இருக்காது.

என் வாழ்க்கையில் இதன் வேர் பழைய கலவை இன்சுலினில் இருந்தது. காலையும் இரவும் இரண்டே ஊசி. முப்பது பங்கு வேகமாக வேலை செய்வது, எழுபது பங்கு மெதுவாக வேலை செய்வது. விலை குறைவு, ஊசி எண்ணிக்கையும் குறைவு என்பதால் நம் ஊரில் இன்றைக்கும் பல குழந்தைகளுக்கு இதுதான் கிடைக்கிறது. அந்த மருந்தைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அது இல்லாதிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் காலையில் போட்டதன் மெதுவான பங்கு முற்பகல் தாண்டி உச்சத்துக்கு வரும்போது, பசிக்கிறதோ இல்லையோ, வயிற்றில் ஏதேனும் இருந்தாக வேண்டும். பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, படுக்குமுன் ஒன்று என்று மூன்று வேளைக்கு இடையில் இன்னொரு மூன்று வேளை. சாப்பாட்டுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பதாக நாங்கள் நினைத்தோம். நடந்ததோ இன்சுலினுக்குச் சாப்பாடு போட்டது. கோவையில் எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொரு காலையும் "எதுக்கும் ஒரு இட்லி சேத்தி வெச்சுக்க கண்ணு, மத்தியானம் எறங்கிரப் போகுது" என்பார். அந்த ஊசி முறைக்கு அம்மா சொன்னது முழுக்கச் சரி. எடைக்கு அது எதிரியாக இருந்தது என்பது வேறு கதை.

நாளெல்லாம் சீராக நிற்கும் பேசல் இன்சுலின் ஒன்று, ஒவ்வொரு வேளைக்கும் வேகமான போலஸ் இன்சுலின் ஒன்று என்ற முறைக்கு மாறியபோதுதான் வேளை தவறினால் ஆபத்து என்ற நிலை மாறியது. மாறினால் மட்டும் போதாது. பேசல் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். முறை எளிது. முந்தைய உணவும் அதற்கான ஊசியும் வேலையை முடித்த பிறகு, ஒரு வேளை உணவையும் அதற்குரிய போலஸையும் தள்ளிப்போட்டு, ஓரிரு மணிக்கொரு முறை சர்க்கரையைப் பார்க்க வேண்டும். பேசல் சரியாக இருந்தால் அளவு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கும். முப்பது புள்ளிக்குமேல் இறங்கிக்கொண்டே போனால் பேசல் மிகுதி என்று பொருள். எனக்கு இரவில் மிகுதியாக இருந்தது. மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்த பிறகு, நள்ளிரவுப் பிஸ்கட் டப்பா தானாகவே தேவையற்றுப் போயிற்று. உணவில் வேறெதையும் மாற்றாத அந்தச் சில மாதங்களிலேயே எடை மெல்ல இறங்கத் தொடங்கியதை இன்றைக்கும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன்.

கூடவே ஊசி போடும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கொழுப்பு முடிச்சுகள் உருவாகிவிட்டால், அங்கே போடும் மருந்து ஒரு நாள் தாமதமாகவும் ஒரு நாள் மொத்தமாகவும் இரத்தத்தில் இறங்கும். காரணமே தெரியாமல் லோ ஆகிறவர்கள் முதலில் தங்கள் வயிற்றைத் தடவிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது மாவுச்சத்துக் கணக்கு, அதாவது சாப்பிடும் மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப இன்சுலின் போடுவது. ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் எண்கள் எனக்குப் பகையில்லை. ஆனாலும் நம் சமையலில் இந்தக் கணக்கு எளிதாக வருவதில்லை. வெளிநாட்டு உணவுப் பொட்டலத்தின் முதுகில் எல்லாம் அச்சாகியிருக்கும். அம்மா கிளறிய உப்புமாவின் முதுகில் எதுவும் அச்சாகியிருக்காது. எனக்கு உதவியது, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையும், சமையலறைக்கென வாங்கிய ஒரு சின்னத் தராசும். சமைத்த பண்டத்தை ஆராய்வதைவிட, சமைப்பதற்கு முன் உள்ள பொருளிலிருந்து தொடங்குவதே நமக்கு ஏற்ற வழி. இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் அரிசியில் சுமார் 312 கிராம் மாவுச்சத்து, 100 கிராம் உளுத்தம்பருப்பில் சுமார் 51 கிராம், ஆக 363. எங்கள் வீட்டுத் தட்டில் அந்த மாவு முப்பது இட்லியாகிறது என்றால் ஓர் இட்லிக்கு 12 கிராம். உங்கள் வீட்டு இட்லி பெரியதென்றால் இருபத்தைந்துதான் வரும்; அப்போது ஓர் இட்லிக்கு பதினாலரை. இதை ஒருமுறை செய்து அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் தினமும் தராசைத் தொட வேண்டியதில்லை. சோற்றுக்கு மட்டும் நான் இன்றும் தராசை விடவில்லை. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. கண்ணளவில் 'கொஞ்சம்' என்று தோன்றும் குவியல் தட்டின் அகலத்தைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கும், 220 கிராமாகவும் இருக்கும்.

அதே அட்டவணை இன்னொரு மயக்கத்தையும் தெளிவிக்கிறது. சர்க்கரை நோய் என்றதும் "அரிசியை விட்டுவிட்டு ராகிக்கு மாறு, சாமைக்கு மாறு" என்ற அறிவுரை பக்கத்து வீட்டிலிருந்து மருந்துக்கடை வரை இலவசமாகக் கிடைக்கிறது. 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கேழ்வரகில் 67, வரகில் 66, சாமையில் ஏறத்தாழ 66, கம்பில் 62, கோதுமை மாவில் 64. நார்ச்சத்து கூடுதல் என்பதும், சத்துகள் கூடுதல் என்பதும், சில சிறுதானியங்கள் சர்க்கரையைச் சற்று மெதுவாக ஏற்றும் என்பதும் உண்மை. ஆனால் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அந்த மெதுவும் போய்விடும். தலா முப்பது கிராம் மாவில் செய்த இரண்டு சப்பாத்தி 38 கிராம் மாவுச்சத்து. அது 135 கிராம் சோற்றுக்குச் சமம். சப்பாத்திக்கு மாறியவர்கள் பலருக்கு எடை குறைந்திருந்தால், மூன்றாவது சப்பாத்தியைத் தேய்க்க அலுத்துப்போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம். 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று அச்சிட்டு விற்கும் சிறுதானிய பிஸ்கட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொட்டலத்தைத் திருப்பி மாவுச்சத்து எண்ணைப் பாருங்கள், பிறகு விலையைப் பாருங்கள்.

எண்ணிய மாவுச்சத்தை இன்சுலினாக மாற்ற ஒரு தொடக்கச் சூத்திரம் உண்டு. நாளொன்றுக்குப் போடும் மொத்த இன்சுலின் யூனிட்டால் 500-ஐ வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்பது கிடைக்கும். அதே மொத்தத்தால் 1800-ஐ வகுத்தால், ஒரு யூனிட் வேக இன்சுலின் சர்க்கரையை எத்தனை புள்ளி இறக்கும் என்பது கிடைக்கும். மொத்தம் 40 யூனிட் போடுபவருக்கு ஒரு யூனிட்டுக்கு 12 கிராம் சொச்சம், இறக்கம் 45 புள்ளி. எனவே மூன்று இட்லிக்கு மூன்று யூனிட். இவை தொடக்கப் புள்ளிகள்தாம். பெரும்பாலானோருக்குக் காலையில் ஒரு விகிதம், மதியம் வேறு விகிதம் என்றுதான் அமைகிறது, அதை மருத்துவரோடு சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். எடையோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், கணக்கு சரியாக இருப்பவருக்கு மிகுதி இன்சுலினும் இல்லை, அதைச் சரிக்கட்ட மிகுதி உணவும் இல்லை.

எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தியர்கள் தங்கள் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நாடு தழுவி நடந்த இண்டியாப் ஆய்வு 2025-இல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது நாளுக்கு 300 கிராமுக்கும் மேல். மறு எல்லையில், நாளுக்கு 30, 40 கிராமோடு நிறுத்திக்கொள்ளும் டைப் 1 குழுக்கள் உலகெங்கும் இருக்கின்றன. அப்படிப்பட்ட 316 பேரைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவர்களின் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு, சராசரியாக 5.67 விழுக்காடு என்று இருந்தது. நோயில்லாதவர்களுக்கு நிகரான அளவு அது. அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆயினும் அவர்கள் தாமாக முன்வந்து தகவல் தந்தவர்கள். கைவிட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு அந்த முறையைப் பரிந்துரைக்க மருத்துவர்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. மேலும் மாவுச்சத்தை அடியோடு நீக்கினால் கணக்கும் நீங்கிவிடும் என்பது தப்பெண்ணம். முட்டையும் கோழியும் பன்னீரும் மிகுதியானால் புரதமே சில மணி நேரம் கழித்துச் சர்க்கரையை மெல்ல ஏற்றும், அதற்கும் இன்சுலின் தேவை.

நான் நிற்பது நடுவில், நாளுக்கு 130 முதல் 150 கிராம் வரை. காலையில் மூன்று இட்லியோ இரண்டு தோசையோ, மதியம் 120 கிராம் சோறு, மாலையில் ஒரு கைப்பிடிச் சுண்டலும் சீனியில்லாத தேநீரும், இரவில் ஒரு தோசையோ இரண்டு சப்பாத்தியோ. சோறு குறைந்த இடத்தை வெண்டை, கத்தரி, கொத்தவரை, புடலை, முருங்கைக்கீரை நிரப்புகின்றன. உருளையும் சேனையும் மரவள்ளியும் காய்க் கணக்கில் வராமல் சோற்றுக் கணக்கில் வரும். பொரியலையும் முட்டையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அதே அளவு சோற்றுக்குச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. என் கையில் ஒட்டியிருக்கும், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. வேக இன்சுலினைச் சாப்பிடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போட்டுக்கொள்வதும் அப்படியே. இவ்வளவுக்குப் பிறகும் இரவில் ஒரு தோசையோடு எழுவது சில நாள் கடினமாகத்தான் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் தராசு காட்டும் இறக்கத்தைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் தன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் போவது அந்தத் தண்ணீர். உண்மையான இறக்கம் அதற்குப் பிறகு, மாதத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ கிலோவாக வரும். எங்களைப் போல இன்சுலின் போடுபவர்களுக்கு நேரும் ஒரு தடங்கல் அந்தக் கட்டத்தில்தான் காத்திருக்கிறது. எடை இறங்க இறங்க உடம்புக்கு இன்சுலின் குறைவாகவே போதும். சாப்பாட்டுக்கான போலஸைக் குறைத்தவர்கள் பேசலைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவார்கள். சில கிலோ இறங்கியதும் பழைய பேசல் மிகுதியாகி, லோ திரும்பி வரும். லோவுக்குச் சாப்பிட்டு எடை நின்றுவிடும். 'எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் இதற்குமேல் இறங்கவில்லை' என்று சொல்லும் பலருக்குக் காரணம் மன உறுதியின்மை அன்று, மாற்றாமல் விட்ட பேசல் அளவுதான் என்பது என் துணிபு. ஓரிரு கிலோ குறையும்போதெல்லாம் பேசல் சோதனையை மறுபடி செய்வதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுழற்சியும் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய சில நாள்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ஏறும், உடம்பில் நீர் கோத்து எடையும் ஏறும். தொடங்கிய ஓரிரு நாளில் இரண்டும் இறங்கும். அந்நேரம் முந்தைய வாரத்தின் கூடுதல் அளவையே போட்டால் லோ நிச்சயம். எனவே நான் எடையை வாரத்துக்கு வாரம் ஒப்பிடுவதில்லை. மாதத்தின் அதே கட்டத்தோடுதான் ஒப்பிடுகிறேன். காரணமின்றி எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டையும் பார்க்க வேண்டும். கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்புச் சக்திக் கோளாறு தைராய்டையும் தாக்குவது டைப் 1 உள்ளவர்களிடம் மிகச் சாதாரணம்.

நடைப்பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடந்தால் லோ ஆகும் என்று நடப்பதற்கு முன் சாப்பிடுவது, கரைப்பதைவிட அதிகம் சேர்ப்பதில் முடியும். சாப்பிட்ட பிறகு நடக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், அந்த வேளை போலஸை மருத்துவர் சொன்ன அளவுக்குக் குறைத்துப் போட்டுக்கொள்வதே சரியான வழி. பளு தூக்கும் பயிற்சி நடையைப் போலச் சர்க்கரையைச் சட்டென்று இறக்குவதில்லை, சில வேளைகளில் சற்று ஏற்றவும் செய்யும். தசை வளர்ந்தால் இன்சுலின் தேவை குறையும் என்பதால் நான் இரண்டையும் கலந்தே செய்கிறேன். பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கும். பிஸ்கட் இருக்காது.

இனிச் சொல்லப்போவதை இளம்பெண்களும் அவர்களின் பெற்றோரும் கவனமாகப் படிக்க வேண்டும். இன்சுலின் போட்டால் எடை ஏறுகிறது, போடாவிட்டால் இறங்குகிறது என்பதை டைப் 1 உள்ள எந்தப் பிள்ளையும் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். ஒரு கல்யாணத்துக்கு முன், ஒரு கல்லூரி விழாவுக்கு முன், வேண்டுமென்றே ஊசியைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்த ஆபத்து இது. அப்படி இறங்குவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் நீரும் சேர்ந்தது. இன்சுலின் போதாத உடம்பில், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் பெருகி இரத்தம் அமிலமானால், ஓரிரு நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரும். தொடர்ந்து செய்தால் கண்ணும் சிறுநீரகமும் இள வயதிலேயே கெடும். வீட்டில் "குண்டாகிவிட்டாய்" என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஊசியைக் குறைத்தால் போதும் என்ற எண்ணமும் கூடவே எழும் என்பதைப் பெரியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டைப் 2 உள்ள சித்தப்பாவுக்கு எடை குறைத்த மாத்திரை நமக்கும் உதவும் என்று நம்புவதும் இதற்கு அருகில்தான் வருகிறது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் 'கிளிஃப்ளோசின்' வகை மாத்திரைகள் டைப் 1 உள்ளவர்களுக்குக் கீட்டோன் ஆபத்தைக் கூட்டுபவை; அதுவும் சர்க்கரை 200-ஐத் தாண்டாமல், எச்சரிக்கை மணி அடிக்காமலே அமிலநிலை வந்துவிடக்கூடும். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த, எடை குறைக்கும் மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் டைப் 1-க்கான சிகிச்சையாக அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளூடைடை டைப் 1 உள்ளவர்களிடம் ஆராய்ந்தபோது எடை இறங்கியது, ஆனால் தாழ்சர்க்கரையும் கீட்டோனும் கூடின. உடல் பருமன் மிகுந்த சிலருக்குச் சிறப்பு மருத்துவர்கள் நெருக்கமான கண்காணிப்பில் இவற்றைக் கொடுக்கிறார்கள். அவர்கள் முடிவு செய்ய வேண்டியது அது.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90-ஐயும் தாண்டக் கூடாது. நான் 25-க்குக் கீழே வந்துவிட்டேன், 23-ஐத் தொடவில்லை. சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்கும் நேரம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்ற இலக்கைப் பெரும்பாலும் எட்டிவிடுகிறேன். இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தால், இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வேன்.

கல்யாண வீட்டு இலையைப் பற்றிக் கேட்கிறார்கள். இலை போட்டதும் கூட்டு, பொரியல், அவியல் மூன்றையும் முடித்துவிடுவேன். சோறு ஒரே ஒரு முறை. சாம்பாரோடு பாதி, ரசத்தோடு பாதி. பாயசம் ஒரு கிண்ணம் சாப்பிடுவேன். அதற்கு முப்பது கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன், ஜிலேபி இருந்தால் பாயசம் இல்லை. நெய்யும் வடையும் அப்பளமும் சேர்ந்த சாப்பாடு செரிக்க நேரம் பிடிக்கும் என்பதால், முழு அளவையும் முதலிலேயே போட்டால் பந்தி முடிவதற்குள் லோ ஆகி, மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை ஏறும். எனவே மருத்துவரிடம் கேட்டு, பெரும்பங்கை உட்காருமுன்னும் மீதியை ஒன்றரை மணி நேரம் கழித்துச் சென்சாரைப் பார்த்துவிட்டும் போட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டாவது ஊசியை மறக்காதிருக்கக் கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டுத்தான் பந்திக்குப் போவது.